தூசி போகும் வழி

போன வருடம் தெப்ராவில் ஒரு பழைய இரட்டை மாடி வரிசை வீட்டை வாங்கினேன். 35 வருடக் கடன். சாவி கைக்கு வந்ததும் எல்லாரையும் போல நானும் உடைத்துக் கட்ட ஆரம்பித்தேன். கிச்சன் கேபினட், புது ஒயரிங், பாத்ரூம் டைல்ஸ். அதோடு ஒரே ஒரு ஆடம்பரம், சென்ட்ரல் வேக்கும்.

அது என்னவென்று நண்பர்கள் நிறைய பேர் கேட்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுவதைப் போலத் தூசிக்கும் ஒரு குழாய் ஓடும். இரண்டு அங்குல பிவிசி. ஹாலில் ஒரு வாய், சமையலறையில் ஒரு வாய், மாடியில் ஒரு வாய். கையில் பிடித்திருப்பது ஒரு நீளமான ஹோஸ் மட்டும்தான். அதை வாயில் செருகினால், குழாயோடு கூடவே வரும் 24 வோல்ட் ஒயர் மோட்டாரைக் கிளப்பிவிடும். மோட்டாரும் தூசி விழும் டப்பாவும் வேறெங்கோ இருக்கும். சத்தம் அங்கே, தூசி அங்கே, நாம் இங்கே.

அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. சாதாரண வேக்கும் கிளீனர் ஒரு பக்கம் இழுக்கும், பில்டர் சுமாராக இருந்தால் நைசான தூசியை இன்னொரு பக்கமாக அதே ரூமுக்குள் ஊதிவிடும். கூட்டி முடித்த அரை மணி நேரத்தில் அம்மா இன்ஹேலரைத் தேடுவார். அதனால்தான் இந்த ஆசை. பிளானை நானே வரைந்தேன். மோட்டாரைப் பின்பக்கம் வைத்து, அது கக்கும் காற்றைச் சுவர் தாண்டிப் பின்லேனுக்கு விட்டிருந்தேன்.

அம்மா வந்து பார்த்தார். சுவரில் போட்டிருந்த கோடுகளைக் காட்டி, "இவ்ளோ ஓட்ட எதுக்கு தம்பி?" என்றார். பிளானை விரித்து விளக்கினேன். அவர் விரலைக் குழாய் மேலேயே நகர்த்திக்கொண்டு போனார். ஹால், மாடிப்படி, சமையலறை, பின்சுவர். அங்கே விரல் நின்றது.

"இந்த வெளிய போற காத்துல தூசி இருக்குமா?"

"கொஞ்சம் இருக்கும்மா. ரொம்ப நைசா. கண்ணுக்கே தெரியாது."

"பின்னால லேன் கூட்ட ஒரு ஆள் வருவாருல்ல. அந்தப் பையன் மூஞ்சிக்கு நேரா வச்சிருக்கியே."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான்தான் அன்று இரவு தூங்காமல், இந்தச் சாதனம் எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒன்று புரிந்தது. இந்த இயந்திரத்தின் வரலாற்றில் எப்படி உறிஞ்சுவது என்ற கேள்விக்குச் சீக்கிரமே பதில் கிடைத்துவிட்டது. உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்விதான் நூறு வருடத்துக்கு மேலாக நம்மோடு இருக்கிறது.

*

வேக்கும் கிளீனர் முதலில் சின்னதாக இருந்து பிறகு பெரிதாகிச் சுவருக்குள் போனது என்றுதான் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். மோட்டார் வைத்த வேக்கும் பிறக்கும்போதே பெரிதாக, வீட்டுக்கு வெளியே நிற்பதாகத்தான் பிறந்தது.

1901. லண்டனில் ஓர் அரங்கில் ஒரு அமெரிக்கர் தன் துப்புரவு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். அது அழுத்தக் காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும். கிளம்பிய தூசி பெட்டிக்குள் விழ வேண்டும், ஆனால் பெரும்பாலும் விழாது. பார்த்துக்கொண்டிருந்த ஹூபர்ட் செசில் பூத் என்ற இன்ஜினியர், ஏன் ஊத வேண்டும், உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். பாலங்களும் ராட்டின சக்கரங்களும் வடிவமைத்தவர் அவர். பிறகு ஒரு உணவகத்தில் நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தாராம். அடிப்பக்கம் கறுப்பாக வந்திருந்தது. இருமித் தள்ளியிருப்பார், ஆனால் ஐடியா கிடைத்துவிட்டது. அதே வருடம் காப்புரிமை வாங்கினார்.

பூத்தின் இயந்திரம் குதிரை வண்டி அளவு. உண்மையிலேயே குதிரைகள்தான் அதை இழுத்து வந்தன. தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீளக் குழாய்களை வீட்டுக்குள் விடுவார்கள். தூசி ஓடுவதை எல்லாரும் பார்க்கட்டும் என்று குழாயில் கண்ணாடி போலத் தெரியும் பகுதிகளும் வைத்தார். பணக்காரப் பெண்கள் தோழிகளைத் தேநீருக்கு அழைத்து, தங்கள் வீட்டுத் தூசி வெளியேறுவதை வேடிக்கை காட்டினார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை இந்த இயந்திரம் சுத்தம் செய்தது. அரண்மனைக்கும் இரண்டு வாங்கினார்கள். முதல் உலகப் போர் காலத்தில் கிரிஸ்டல் பேலஸில் தங்கியிருந்த கடற்படையினரிடையே காய்ச்சல் பரவியபோது, பூத்தின் 15 இயந்திரங்கள் அங்கிருந்து 26 டன் தூசியை எடுத்ததாகச் சொல்வார்கள். எத்தனை டன் என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும். அந்த 26 டன்னை யார் சுமந்தார், எங்கே கொட்டினார் என்பது கதையில் வராது.

அதே நேரத்தில் அமெரிக்காவில் டேவிட் கென்னி என்பவர் இன்னொரு பாதையில் போய்க்கொண்டிருந்தார். அவர் பிளம்பிங் தொழிலிலிருந்து வந்தவர். அதனால் அவர் தூசியைத் தண்ணீர் மாதிரி பார்த்தார். குழாய் போட்டால் ஓடும். அவ்வளவுதான். 1902-இல் பிட்ஸ்பர்க் நகரில் புதிதாக எழுந்த ஃபிரிக் கட்டடத்தில் அவருடைய முதல் பெரிய சிஸ்டம் அமைந்தது. அடியில் நீராவியில் ஓடும் சுமார் 4,000 பவுண்டு எடையுள்ள இயந்திரம். அங்கிருந்து கட்டடம் முழுக்கக் குழாய்கள். இன்று என் பிளானில் இருப்பதன் கொள்ளுத்தாத்தா அதுதான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஹென்றி கிளே ஃபிரிக். நிலக்கரியைச் சுட்டு 'கோக்' எடுக்கும் தொழிலில் கோடீஸ்வரரானவர். ஆயிரக்கணக்கான சூளைகள். அந்தக் கோக்கில்தான் பிட்ஸ்பர்க்கின் எஃகு உலைகள் எரிந்தன. பட்டப்பகலில் தெருவிளக்கு ஏற்ற வேண்டிய அளவுக்குப் புகை சூழ்ந்த நகரம் அது. 1892-இல் ஹோம்ஸ்டெட் எஃகாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது 300 தனியார் காவலர்களைப் படகில் அனுப்பி, அது துப்பாக்கிச் சண்டையில் முடியக் காரணமானவரும் இதே ஃபிரிக்தான்.

ஒரு நகரத்தின் காற்றையே கரியாக்கிய தொழிலில் சம்பாதித்த பணம், அந்தக் கரியைத் தன் கட்டடத்திலிருந்து மட்டும் உறிஞ்சி வெளியே தள்ள ஒரு குழாய் போட்டது. உறிஞ்சிய தூசி பிட்ஸ்பர்க்கை விட்டு எங்கும் போகவில்லை. ஃபிரிக் கட்டடத்தை விட்டுத்தான் போனது.

*

கையில் தள்ளிக்கொண்டு போகும் வேக்கும், இந்தக் கதையின் எதிர்முனையிலிருந்து வந்தது. ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் ஊரில், ஒரு கடையில் இரவில் கூட்டிப் பெருக்கும் வேலை. அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்கும்போது கிளம்பும் தூசி அவர் மூச்சை அடைத்தது. ஒரு சின்ன மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, துடைப்பக் கட்டை, தூசி பிடிக்கத் தலையணை உறை. இதை வைத்து அவரே ஒன்று செய்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. உற்பத்தி செய்யக் கையில் காசு இல்லை. உறவுக்காரப் பெண்மணி சூசன் ஹூவர் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தார். அவருடைய கணவர் வில்லியம் ஹூவர் காப்புரிமையை வாங்கினார். அதற்குப் பிறகு உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஹூவர்தான்.

ஸ்பாங்ளரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. மூச்சு முட்டியவர் செய்த இயந்திரம் என்பதால் மட்டும் இல்லை. அவர் தூசியை வேறு யார் பக்கமும் தள்ளவில்லை. பையில் பிடித்து வைத்தார். பிடித்ததை அவரேதான் கொட்டவும் வேண்டும்.

சின்ன வேக்கும் ஜெயித்தது. மின்சாரம் வீடு வீடாகப் போனது, மோட்டார் மலிவானது, பெரிய குழாய் சிஸ்டம் பணக்கார வீடுகளோடு நின்றது. பெண்களுக்கு வேலை குறைந்துவிட்டது என்று விளம்பரங்கள் கூவின. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-இல் எழுதிய 'மோர் ஒர்க் ஃபார் மதர்' என்ற புத்தகம் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. முன்பு வருடத்துக்கு ஓரிரு முறை கம்பளத்தை வெளியே தூக்கிப்போட்டு அடிப்பார்கள். அதில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் பங்கு இருந்தது. வேக்கும் வந்தபின் அதே கம்பளத்தை வாரா வாரம் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று, செய்வது ஒரே ஒரு ஆள், அம்மா. கருவி வந்ததும் வேலை போகவில்லை. 'சுத்தம்' என்பதன் அளவுதான் உயர்ந்தது.

*

இந்தக் கதை ஏன் நம் ஊருக்கு வரவில்லை? ஒரு காரணம் சுவர். அமெரிக்க வீடு பெரும்பாலும் மரச்சட்டம். சுவருக்குள் வெற்றிடம் இருக்கும், குழாயை நுழைத்துவிடலாம். நம்முடையது செங்கல். உள்சுவர் நாலரை அங்குலம்தான். அதில் இரண்டு அங்குலக் குழாய்க்குக் குறுக்கே வெட்டினால் பாதிச் சுவர் போய்விடும். மாடிக்குப் போக வேண்டுமானால் கான்கிரீட் தளத்தில் பீமைத் தொடாமல் துளை போட வேண்டும். நான் கடைசியில் பாதிக் குழாயைச் சீலிங்குக்கு மேலேயும் மீதியைப் பெட்டி கட்டியும் மறைத்தேன். இன்னொரு காரணம் தரை. இங்கே கம்பளம் கிடையாது. டைல்ஸ். கூட்டி, மொப் போட்டால் முடிந்தது.

மூன்றாவது காரணம், கூட்டுவதற்கு இங்கே எப்போதும் ஆள் இருந்தார்கள்.

தெப்ராவின் எழுதப்பட்ட கதை 1844-இல் தான் கீ சூன் என்ற சீனத் தலைவரோடு தொடங்குகிறது. தெமெங்கோங்கிடமிருந்து 'சூராட் சுங்கை' எனும் ஆற்றுப் பத்திரம் பெற்று, தெப்ராவ் ஆற்றோரம் காட்டை அழித்து மிளகும் காம்பியரும் போட்டார்கள். காம்பியர் இலையைப் பெரிய சட்டிகளில் காய்ச்ச வேண்டும், அதற்கு விறகு வேண்டும். மண் சலித்ததும் அடுத்த காடு. இப்படி ஆற்றங்கரைகளை ஆண்ட கங்சு முறை 1917-இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே ரப்பர் வந்துவிட்டது, ரப்பரோடு நம் ஆட்களும். இன்று காப்பிக் கடைகளும் கண்டோமினியங்களுமாக இருக்கும் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் பெரிய ரப்பர் தோட்டம்.

என் அம்மா அந்தப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவர். பாட்டி முதலில் வெளிக்காட்டு வேலை, புல் வெட்டுவது, மருந்து அடிப்பது. பிறகு சில வருடம் துரை பங்களாவில் கூட்டித் துடைத்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வாழ்க்கையிலிருந்து அது ஒரு பதவி உயர்வு. "பங்களாவுல பலகத் தர. குனிஞ்சா மூஞ்சி தெரியணும்" என்று பாட்டி சொன்னதை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுவார். திரும்பி வந்தால் லயத்தில் சிமெண்டு உடைந்து செம்மண் எட்டிப் பார்க்கும் தரை.

பாட்டியிடம் தூசியைப் பற்றி ஒரு முழு அறிவியல் இருந்தது. தண்ணீர் தெளிக்காமல் வாசல் கூட்டக்கூடாது. எங்கள் சைட்டில் ஹேக்கிங் செய்யும்போது தண்ணீர் அடிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போடும் பாதுகாப்பு விதி அதுவேதான். விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளக்கூடாது, மூலையில் குவித்து வைத்து விடிந்ததும் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் மூக்குத்தித் திருகாணி குப்பையோடு போய்விடக்கூடாது என்பதும் அதில் இருந்திருக்கும். சென்ட்ரல் வேக்கும் போடுகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு விதி உண்டு. குழாயின் எல்லா வளைவுகளும் அகலமாக இருக்க வேண்டும், வாய்க்குப் பின்னால் வரும் முதல் வளைவு மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். பேனாவோ ஐஸ்கிரீம் குச்சியோ உள்ளே போனால் கைக்கு எட்டும் அங்கேயே சிக்கிக்கொள்ளட்டும் என்று. உள்ளே போனது திரும்பக் கிடைக்க ஒரு வாய்ப்பு வைப்பது. பாட்டி கேட்டால் சிரித்திருப்பார்.

தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் வந்தபோது அம்மா தலைமுறை தொழிற்சாலை பஸ் ஏறியது. வசதி வந்த வீடுகளில் கூட்டுவதற்கு இந்தோனேசியப் பெண்கள் வந்தார்கள். 2009-இல் கொடுமைப் புகார்களால் இந்தோனேசியா வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தி, 2011-இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் எத்தனை வீடுகள் முதல்முறையாகச் சொந்தமாக வேக்கும் வாங்கியிருக்கும் என்று யோசிப்பதுண்டு.

*

ஆனால் வேக்கும் வேறு ஒரு வாசல் வழியாக ஜோகூருக்கு வந்தது. 2002-இல் டைசன் நிறுவனம் தன் வேக்கும் கிளீனர் உற்பத்தியை இங்கிலாந்தின் மாம்ஸ்பரியிலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. அங்கே சுமார் 800 பேருக்கு வேலை போனது. இங்கே ஜோகூரில் ஒப்பந்தத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. பூத் ஜன்னல் வழியாகக் குழாய் விட்ட நாட்டுக்கு, நம் ஊர்க் கைகள் செய்த வேக்கும் கப்பலில் போனது.

அந்தக் காலகட்டத்தில் அம்மா ஒரு தொழிற்சாலையில் வீட்டு உபயோகப் பொருட்களின் பிளாஸ்டிக் பாகங்களைச் சரிபார்க்கும் லைனில் இருந்தார். தூசிக் கப்பின் மூடி 'கிளிக்' என்று சரியாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பது சில வருடம் அவருடைய வேலை. ஒரு ஷிப்டுக்கு எத்தனை என்று கேட்டால், "எண்ணுனா பைத்தியம் புடிச்சிரும்" என்பார். வீட்டில் எங்களுக்கு வேக்கும் கிடையாது. ஈர்க்குமாறும் மொப்பும்தான்.

அவர் வேலையை விட்டபோது லைனில் பக்கத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் நேப்பாளிகள், வங்காளதேசிகள். அந்தத் தலைமுறையின் கதை பிறகு உலகச் செய்தியானது. 2021 நவம்பரில், தொழிலாளர் நிலை குறித்த தணிக்கைக்குப் பிறகு, ஜோகூரின் ஏ.டி.ஏ. ஐ.எம்.எஸ். நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை டைசன் முறித்துக்கொண்டது. அந்த விநியோகச் சங்கிலியில் வேலை செய்த நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள் 24 பேர், கட்டாய உழைப்புக்கு ஆளானதாக லண்டன் நீதிமன்றத்தில் டைசன் மேல் வழக்குப் போட்டார்கள். குற்றச்சாட்டுகளை டைசன் மறுத்தது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்றது. தூரத்தில் இருக்கிறது, அதனால் என் வீட்டில் இல்லை என்று சொல்ல முடியுமா என்பதுதான் அங்கே அடியில் ஓடிய கேள்வி என்று எனக்குப் பட்டது. என் பிளானில் பின்சுவரில் நின்ற அம்மாவின் விரலும் அதையேதான் கேட்டது.

ஜோகூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 2013 ஜூனில் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசர நிலை அறிவித்தார்கள். எங்கோ சுமத்ராவில் காடும் கரிமண்ணும் எரிந்தன. ஒருவர் 'வெளியே' என்று விட்டது இன்னொருவர் வீட்டு ஹாலுக்குள் வந்தது. அந்த வாரம் அம்மா ஈரத் துணியை ஜன்னலில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

*

பிளானை மாற்றினேன். பெரிய விஷயமில்லை. சென்ட்ரல் வேக்கும் மோட்டார்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தூசியைச் சுழற்றிக் கீழே விழவைத்து, விழாத நைசு மொத்தத்தையும் வெளியே ஊதிவிடுவார்கள். பில்டர் கழுவும் தொல்லை இல்லை, இழுவையும் குறையாது. நான் முதலில் எடுக்க இருந்தது அதுதான். இன்னொன்றில் பில்டரும் பையும் இருக்கும். நைசும் உள்ளேயே தங்கும். இழுவை மெல்லக் குறையும், சில மாதத்துக்கு ஒருமுறை திறந்து கழுவ வேண்டும், பை மாற்ற வேண்டும். நான் இரண்டாவதை எடுத்தேன். வெளியேறும் காற்றுக்கும் வாயைத் தரை மட்டத்திலிருந்து தூக்கி, பின்லேனைப் பார்க்காமல் பக்கச் சுவரில் மேல்நோக்கி வைத்தேன். கொந்திராக்டர், "எக்ஸ்ட்ரா வேல, எக்ஸ்ட்ரா காசு பாஸ்" என்றார். கொடுத்தேன்.

குழாய் பதிக்க வெட்டியதில் வீடு முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. சுத்தம் செய்யப்போகும் சிஸ்டத்துக்காக அத்தனை தூசி. வெட்டியவர் ஒரு வங்காளதேசி இளைஞர், என் வயதுதான் இருக்கும். முதல் நாள் முகத்தில் வெறும் டி-ஷர்ட்டைக் கட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார். சைட்டில் மாஸ்க் இல்லாத ஆளைப் பார்த்தால் வேலையை நிறுத்தச் சொல்கிற நான், என் வீட்டில் அதை மதியம் வரை கவனிக்கவே இல்லை. அம்மாதான் சொன்னார். போய் வாங்கி வந்து கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டி, "மொதல்ல தண்ணி தெளிச்சிட்டு வெட்டச் சொல்லு" என்றார் அம்மா.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுவதில்லை. ஆனாலும் சமையலறையை ஈர்க்குமாற்றால்தான் கூட்டுகிறார், ஹோஸை எடுத்து மாட்டுவதற்குள் கூட்டி முடித்துவிடலாமாம். பையை மாற்றுவது என் வேலை. போன மாதம் முதல் தடவையாகத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு கட்டி, அம்மாவின் தலைமுடி, கொஞ்சம் சிமெண்டுப் பொடி, ஒரு ஜாக்கெட் ஊக்கு. மாஸ்க் போட்டுக்கொண்டு, பையின் வாயை மூடி, ஒன்றுக்கு இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு போக ஒருவர் காலையில் வருவார்.